ஹில்டா வெட்டிய வரிகள்

வெயில் இறங்கியதும் பெட்டிகள் பேச ஆரம்பிக்கும். பகலெல்லாம் காய்ந்து விரிந்த இரும்புத் தகடு கடற்காற்று பட்டுச் சுருங்குகிற சத்தம் அது. முதலில் ஒரு மூலையில் 'டொக்' என்று ஒன்று. கொஞ்சம் விட்டு, எங்கோ தள்ளி இன்னொன்று. அப்புறம் யார்டு முழுக்க, ஆளில்லாத தெருவில் யாரோ வீடுவீடாகக் கதவைத் தட்டிக்கொண்டே போகிற மாதிரி கேட்கும். திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற சாலையில், கடலை ஒட்டிக் கிடந்த அந்தக் கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹில்டா ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து வெளியே போய்ப் பார்த்தாள்.

"இன்னாமா, யாரத் தேட்ற?" என்றார் அம்புரோஸ். யார்டின் எலக்ட்ரீஷியன். ராயபுரத்துக்காரர்.

"யாரோ தட்றாங்கண்ணா."

"பொட்டி பேசுது. நீ பாட்டுக்கு உன் வேலயப் பாரு. பதில் கிதில் சொல்லி வெக்காத, அப்பால உன் பின்னாடியே பஸ் ஏறி வூட்டுக்கு வந்துடும்."

அதற்குப் பிறகு அவள் எழுந்து போகவில்லை. யார்டில் யாருமே போவதில்லை.

ஹில்டாவும் ராயபுரம்தான். அப்பா ஹார்பரில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டியவர். கோயிலுக்குப் பின்சந்தில் ஒற்றை அறை வீடு. எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடைக்கு மேலே இருந்த சென்டரில் ஜாவா படித்தாள். கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் தரமணிப் பக்கமும் போய்விட்டார்கள். இன்டர்வியூவில் 'உன்னைப் பற்றிச் சொல்' என்று ஆங்கிலத்தில் கேட்டால் இவளுக்கு முதல் வாக்கியத்தோடு நின்றுவிடும். கம்ப்யூட்டர் அப்படியெல்லாம் கேட்காது. அதனால் அதனோடு அவளுக்கு ஒத்துப்போயிற்று. சுனாமி வந்துபோன மறுவருடம், வெள்ளை நிறக் குளிர்ப்பெட்டிகள் அடுக்கிய அந்த யார்டில், கண்ணாடி வைத்த சின்ன அறையில், அவளை உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் அவள் 'கம்ப்யூட்டரம்மா'. அம்புரோஸுக்கு மட்டும் ஹில்டா.

வேலை இதுதான். இறாலும் மீனும் ஏற்றிக் கப்பலுக்குப் போகும் பெட்டிகள் அங்கே கரண்டில் மாட்டப்பட்டுக் குளிர்ந்துகொண்டிருக்கும். பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு ஜாவா புரோகிராம் ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டு, உன் குளிர் எவ்வளவு என்று கேட்கும். கரண்டு ஒயர் வழியாகவே பெட்டி பதில் சொல்லும். கடைசிப் பெட்டிவரை கேட்டு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. அறையிலிருந்தபடியே ஒரு பெட்டியின் குளிரைக் கூட்டலாம், குறைக்கலாம். ஏதாவது ஒரு பெட்டியிடம் தகராறு என்றால் 'லாக்' என்கிற கறுப்புத் திரையில் எழுத்து ஓடும்.

அந்த எழுத்துதான் தொல்லை. ஜாவாவில் பிழை தனியாக வராது. யார்டில் ஒரு ஒயர் நனைந்துபோனால் கீழே இருக்கிற ஆள் மேஸ்திரியிடம் 'ஒயர் நனைஞ்சிடுச்சு' என்பான். மேஸ்திரி சூப்பர்வைசரிடம் 'பிளக் வேலை செய்யல' என்பார். சூப்பர்வைசர் மேனேஜரிடம் 'வேலை நிக்குது சார்' என்பார். மேனேஜர் வெளியே சொல்வது 'தாமதத்துக்கு வருந்துகிறோம்' மட்டும்தான். ஜாவாவும் அப்படித்தான். கீழே நடந்ததை மேலே இருப்பது ஒரு காகிதத்தில் சுற்றும், அதற்கும் மேலே இருப்பது இன்னொரு காகிதத்தில் சுற்றும். லாக் அத்தனையையும் பிரித்துக் காட்டும்: இது நடந்தது, அதற்குக் காரணம் இது, அதற்குக் காரணம் இது என்று. மேல் வரியில் 'நோ டேட்டா' என்று மட்டும் இருக்கும். எந்தப் பெட்டி, அதற்கு என்ன வந்தது என்பதெல்லாம் அடிவரியில் கிடக்கும். ஒரு சின்னத் தகராறுக்குத் திரை நிரம்பிவிடும்.

அந்த லாகை தினமும் பிரின்ட் எடுத்து மேனேஜர் தாமோதரன் மேசையில் வைக்க வேண்டும். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேப்பரா? என்னம்மா இது, ராமாயணமா? ஒரு பிழைக்கு ஒரு வரி போதும்" என்பார்.

அம்புரோஸுக்கும் அந்த லாக் சுருங்க வேண்டியிருந்தது. காரணம் வேறு.

யார்டின் கடைசி வரிசையில், கடற்பக்கமாக, ஒரு காலிப் பெட்டி எப்போதும் குளிர்ந்துகொண்டிருக்கும். கணக்கில் அது காலி. உள்ளே கடைசியில், ஐஸ் கூடைகளில், யார்டுக்காரர்களின் மீன். நெட்டுக்குப்பத்திலிருந்து காலையில் வரும் சங்கராவும் வஞ்சிரமும் சாயங்காலம் வீட்டுக்குப் போகும்வரை அதில் இருக்கும். டிரைவர், வாட்ச்மேன், கிளார்க் என்று எல்லோருக்கும் ஒவ்வொரு கூடை. ஹில்டாவுக்கும் உண்டு. தாமோதரனுக்கு மட்டும் தெரியாது. அந்தக் கடைசிப் பெட்டியைத் தொடக்கூடாது என்பது யாரும் எழுதிவைக்காத சட்டம்.

ஆனால் புரோகிராமுக்கு அந்தச் சட்டம் தெரியாதே. காலி என்று எழுதியிருக்கிற பெட்டி ஏன் குளிர்கிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் அது குழம்பும். திரையில் நோ டேட்டா. அடிவரியில் பெட்டி எண்ணோடு எல்லாமும் வெளியே வந்துவிடும்.

"ஹில்டா, தாயி, அத்த எப்டியாவது அமுக்கிடு. மேனேஜரு என்னிக்காவது கீய வரைக்கும் படிச்சாருன்னு வெய்யி, நம்ம மீனும் பூடும், என் வேலயும் பூடும்."

லாக் எப்படி எழுத வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு சின்ன ஃபைல் உண்டு. பிழையை எழுதுகிற பொறுப்பை ஹில்டா அதிலிருந்து பிடுங்கித் தான் எழுதிய கிளாஸிடம் கொடுத்தாள். கிளாஸ் என்றால் புரோகிராமுக்குள் ஒரு குட்டி புரோகிராம். இது ரொம்பச் சின்னது. மேல் வரியை எழுது, மற்றதை விடு. அவ்வளவுதான். பழைய முறையை அழிக்காமல் அப்படியே செயல்படாமல் செய்து வைத்தாள். மறுநாள் பிரின்ட் இரண்டே தாளில் அடங்கிவிட்டது. தாமோதரன் முதல்முறையாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பாராட்டினார். அம்புரோஸ் ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தார்.

அதிலிருந்து திரை அடங்கிப்போயிற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் மீன் பெட்டியின் 'நோ டேட்டா' ஒன்று வந்து விழும். சுவர்க் கடிகாரம் மாதிரி. ஹில்டாவின் கண் அதில் படும், மனசில் படாது.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைக்கு ராயபுரத்துக் கோயில் தெருவில் கறி எடுக்க மாட்டார்கள், மீன்தான். மத்தியானம், இறால் ஏற்றி வந்த லாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வாசலில் நின்றது. அதற்கென்று வைத்திருந்த பெட்டியில் மோட்டார் கோளாறு. தாமோதரன் கம்ப்யூட்டரில் தேடினார். சோதனை முடிந்த, தயாராக இருக்கிற காலிப் பெட்டி ஒன்று கிடைத்தது. ஹில்டா அப்போது சாப்பிடப் போயிருந்தாள். அவள் திரும்பி வந்ததும், "பதினேழாம் வரிசை, ரெண்டாம் அடுக்குல ஒரு பொட்டி வெச்சிருக்காங்க. இறாலுக்கு. மைனஸ் பதினெட்டு போடும்மா. நல்லாக் குளிர்ந்தப்புறம் ராத்திரி ஏத்திக்கலாம்" என்றார்.

போட்டாள். இடத்தைப் பார்த்துப் போட்டாள். எண்ணைப் பார்க்கவில்லை. அப்படித்தான் எப்போதும் போடுவது.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே ஒரு டொக். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பெட்டிகள் பேச ஆரம்பித்துவிட்டன.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஹில்டாவுக்கு என்னவோ போல் இருந்தது. எது என்று பிடிபடவில்லை. அதே வரிதான். நோ டேட்டா. அடுத்த சுற்றிலும் நோ டேட்டா. அதற்கடுத்த சுற்று சுத்தமாகக் கடந்தது. பிறகு ஒரு நோ டேட்டா. பிறகு இரண்டு சுற்று ஒன்றும் இல்லை. பிறகு மறுபடி. ஒருவன் பேச வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறக்கிற மாதிரி.

ஈரமாக இருக்கும் என்று நினைத்தாள். கடலோரத்தில் பிளக்குகளுக்கு வருகிற வியாதிதான். அவள் டீ குடித்தாள். வரி வந்தது. தாமோதரனுக்கு ரிப்போர்ட் எடுத்தாள். வரி வரவில்லை. பையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்து வைத்தாள். வரி வந்தது. மின்விசிறி ஓடுகிற அறையில் பின்கழுத்து மட்டும் குளிர்ந்தது. யாரோ பின்னால் நின்று திரையைப் படிக்கிறார்கள் என்று தோன்றித் திரும்பிப் பார்த்தாள். சுவரில் காலண்டர்.

போன் அடித்தது. அம்புரோஸின் மனைவி ஜானட்.

"இன்னா ஹில்டா, உங்கண்ணன் கெளம்பிட்டாரா? கோயில்ல சிலுவைப் பாதைக்கு மணி அடிச்சாச்சு. மீனும் வர்ல, மனுசனும் வர்ல. சட்டியக் கழுவி வெச்சிகினு குந்திகினு கீறேன்."

"பாக்குறேன் அண்ணி."

கரண்டு போர்டுகள் இருக்கிற பேனல் ரூமில் அம்புரோஸின் சட்டை ஆணியில் தொங்கியது. சைக்கிள் நின்றது. பெட்டி தூக்கும் ஸ்டாக்கர் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார் காஜா மொய்தீன். சாயங்கால ஷிப்டுக்கு வந்தவர்.

"பாய், அம்புரோஸண்ணன் எங்க?"

"காலைல ஷிப்டு ஆளுங்க சொன்னாங்கமா, சோறு துன்னுட்டு மீன் எடுக்கப் போறேன்னு போனாராம். கடேசி வரிசைக்கு. அப்பால காணோம். மனுசன் வூட்டுக்குப் பூட்டாருன்னு நெனச்சேன்."

ஹில்டா கடைசி வரிசைக்கு நடந்தாள். இருபக்கமும் வெள்ளைச் சுவர்களாகப் பெட்டிகள். மேலே வானம் ஒரு கீற்று. இடதுபக்கம் டொக். அவள் நின்றாள். வலதுபக்கம், தள்ளி, டொக். எல்லாம் பேசின. எதற்குள்ளிருந்து எது வருகிறது என்று சொல்ல முடியாது.

மீன் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் மீன் பெட்டி இல்லை. ஈரத் தரை நீளமாக ஒரு பெட்டி அளவுக்குக் கறுத்திருந்தது. நடுவில் ஒற்றைச் சங்கரா. எறும்பு மொய்த்துக்கொண்டிருந்தது.

சோதனை முடிந்த, தயாராக இருந்த காலிப் பெட்டி.

குளிர்ப்பெட்டிக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. அம்புரோஸ் கடைசியில் கூடைகளுக்குப் பின்னால் குனிந்திருந்திருப்பார். உள்ளே மின்விசிறி இரைச்சல். காண்ட்ராக்டில் வந்த புது ஆள் எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தியிருப்பான். கத்தியிருப்பார். வண்டிச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தட்டியிருப்பார். சாயங்காலம் ஆனபின்தான் தட்டல் வெளியே கேட்கும்படி யார்டு அடங்கும். அந்த நேரத்தில் தட்டினால் யார் போவார்கள்?

அவள் ஓடி வந்தாள். பதினேழாம் வரிசை, ரெண்டாம் அடுக்கு என்று தாமோதரன் சொன்னது நினைவிருந்தது. ஆனால் பெட்டியின் எண் தெரியாது. அன்றைக்குப் பதினேழாம் வரிசையில் அவள் கையால் மைனஸ் பதினெட்டு போட்ட பெட்டிகள் நிறைய. ஒன்றுக்குமேல் ஒன்றாக ஏறியும் இறங்கியும் மத்தியானத்திலிருந்து எல்லாம் இடம் மாறியிருந்தன. ஒவ்வொன்றாக இறக்கித் திறந்துகொண்டிருந்தால் விடிந்துவிடும். திரையில் நோ டேட்டா வந்தது. மைனஸ் பதினெட்டு போட்டபிறகு அந்தப் பெட்டி ஏன் குளிர்கிறது என்று புரோகிராம் குழம்பக் காரணமில்லை; விட்டுவிட்டு வருகிற இந்த வரி உள்ளே இருப்பவருடையதுதான். அதற்கு அடியில் அம்புரோஸ் இருக்கிற பெட்டியின் எண் இருக்கிறது. அவள்தான் வெட்டியிருக்கிறாள்.

ஃபைலைத் திறந்தாள். தன் கிளாஸின் பெயரை எடுத்துவிட்டுப் பழைய முறையை உயிர்ப்பித்தாள். அது பிடிக்க வேண்டுமென்றால் மறுபடி ஓட்ட வேண்டும் என்று புரோகிராமை நிறுத்தப் போனபோது தாமோதரன் உள்ளே வந்தார்.

"என்னம்மா பண்ற? கப்பல் ஏஜென்டுக்கு ரிப்போர்ட் போற நேரம். இப்ப நிறுத்தாதே."

"அம்புரோஸண்ணன் பொட்டிக்குள்ள கீறாரு சார்."

அவர் முன்னால் அவள் அப்படி யார்டு பாஷையில் பேசியதே இல்லை. தாமோதரன் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

நிறுத்தினாள். திரை கறுப்பாயிற்று. புரோகிராம் எழுந்து வர நேரம் பிடிக்கும். அதுவரை யார் என்ன சொன்னாலும் கேட்க இங்கே காது இல்லை. அந்த இருட்டுத் திரையில் அவள் முகமும், அதற்குப் பின்னால் மேனேஜரின் முகமும் தெரிந்தன. வெளியே டொக். டொக். இருவரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

பெட்டிகளை எண்ணத் தொடங்கியது புரோகிராம். முதல் வரிசை. நான்காம் வரிசை. சுத்தம். பதினேழாம் வரிசை.

நோ டேட்டா.

அதற்குக் காரணம்: வந்த அளவைப் பதிய முடியவில்லை.

அதற்குக் காரணம்: பெட்டியின் அளவில் ஒன்று குறைகிறது. அதன் எண்.

அதற்குக் காரணம்: மூன்றாம் புரோப். இணைப்பு அறுந்திருக்கிறது.

பெட்டிக்குள், பக்கச் சுவரில், குளிரை அளக்கும் ஒயர்களைச் செருகுவதற்குச் சின்ன பிளக்குகள் உண்டு. புரோப் என்பார்கள். மூடிய பெட்டியில் வெளியிலிருந்து யாரும் அதைத் தொட முடியாது. அது எங்கே இருக்கிறது, பிடுங்கினால் யார் திரையில் தெரியும் என்பதெல்லாம் இருட்டிலும் தெரிந்த ஆள் அந்த யார்டில் ஒருவர்தான்.

ஹில்டா முதலில் அந்தப் பெட்டியின் குளிரை நிறுத்தினாள். எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினாள்.

"பாய்! பதினேழாம் வரிசை, இந்த எண்ணு! உள்ள ஆளு!"

"யா அல்லா" என்று காஜா மொய்தீன் வண்டியில் ஏறினார். கரண்டைப் பிடுங்கிவிட்டு, நிறைந்த குடத்தை இறக்குகிற மாதிரி அந்தப் பெட்டியை இறக்கினார். அவ்வளவு மெதுவாக அவர் எந்தப் பெட்டியையும் இறக்கியதில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். தரையைத் தொட்டதும் ஹில்டா தகட்டில் கையால் அடித்தாள். உள்ளிருந்து ஒன்றும் இல்லை. சுற்றிலும் மற்ற பெட்டிகள்தான் பதில் சொல்லின.

கதவைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை இறங்கிக் காலைச் சுற்றியது. டார்ச் வெளிச்சம் உள்ளே போய்க் கரைந்தது. கடைசியில், கூடைகளைக் கவிழ்த்துச் சுவர்போல் அடுக்கி, அதற்குப் பின்னால் சாக்குகளைப் போர்த்திக்கொண்டு அம்புரோஸ் குந்தியிருந்தார். முட்டியில் தலை. மடியில் மீன்கள். புருவத்தில் உறைபனி.

"அண்ணா."

கண்கள் திறந்தன. அவளைப் பார்த்தன என்று சொல்ல முடியாது.

தூக்கும்போது அவள் பார்த்தாள். கூடைகளுக்கு எட்டடி தள்ளி, பக்கச் சுவரில், அவர் கைக்கு எட்டாத இடத்தில், மூன்றாம் புரோப்பின் பிளக் பாதி கழன்று தன் ஒயரின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பேச்சு வந்தபிறகு, ஜானட் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கையில், ஹில்டா கேட்டாள்.

"எத்தினி தபா இஸ்தீங்கண்ணா அத்த?"

"எத்த?"

"புரோப்ப."

"ஒரே தபாதாம்மா. கை மரத்துப் பூட்ச்சு. முய்சா வர்ல. வுட்டுட்டு வந்து குந்திகினேன்."

"அப்பால யாரு..."

ஃபேன் காத்து, என்று அவளே சொல்லிக்கொண்டாள். உள்ளே விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் ஆடியிருக்கும். பிளக் ஒட்டும், விலகும். மறுபடி ஒட்டும். அவர் கைவிட்டபிறகு, சாயங்காலம் முழுக்க, காற்று அவருக்காகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதுதான் நியாயமான விளக்கம். அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை.

"உள்ள ஒண்ணு கேட்டுச்சு ஹில்டா" என்றார் அம்புரோஸ். குரல் கீழே இறங்கியது. "நான் தட்றத நிறுத்திட்டேனா? அப்பால சுத்தி அத்தினி பொட்டிலயும் தட்றாங்க. ஒண்ணொண்ணுலயும் ஒரு ஆளு. எனக்கு அது யாருன்னுகூட தெரியும்போல இருந்துச்சு."

"மெண்டலு மாரி பேசாம வாயத் தொற" என்று ஜானட் அதட்டிக் கரண்டியை நீட்டினாள்.

மீன் பெட்டி வழக்கம் ஒழிந்தது. தாமோதரன் மேலே என்ன எழுதினாரோ, அம்புரோஸின் வேலை போகவில்லை. 'வேலை நேரத்தில் விபத்து' என்று ஒரே வரியில் முடித்திருந்தார் என்று கேள்வி. வலது கையில் இரண்டு விரல்களில் உணர்வு திரும்பவில்லை. பேனல் ரூமோடு சரி. பெட்டிக்குள் கால் வைப்பதில்லை.

ஹில்டா தன் கிளாஸை மறுபடி எழுதினாள். இந்தமுறை அது பிழையைப் பிரித்துக்கொண்டே கீழே இறங்கும். இனிமேல் காரணம் இல்லை என்கிற இடத்தைத் தொட்டபிறகு, அதை முதல் வரியாக எழுதும். பெட்டி எண்ணோடு. அப்புறம்தான் மேலே இருப்பவர்கள் சுற்றிய காகிதங்கள். பிரின்ட் பழையபடி தடித்தது. தாமோதரன் தாள்களை ஒரு தடவை எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்தினார். ராமாயணம் என்று சொல்லவில்லை.

அம்புரோஸ் வேலைக்குத் திரும்பி ரொம்ப நாள் கழித்து, ஒரு மத்தியானம், அவள் அறைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும்.

"ஒண்ணு கேப்பேன். கோச்சிக்கக்கூடாது."

"கேளுங்கண்ணா."

"அன்னிக்கு அந்த மேல் வரி வந்துகினு இருந்துச்சே. நீ இங்க குந்தி அத்தப் பாத்துகினு தான இருந்த?"

ஹில்டாவுக்கு டீ குடித்தது, டப்பாவை எடுத்து வைத்தது, எல்லாம் நினைவிருந்தது.

"பாத்துகினுதாண்ணா இருந்தேன்."

அவர் தலையாட்டினார். மரத்த விரல்களை மற்ற கையால் நீவிவிட்டுக்கொண்டார்.

"உன் எடத்துல நான் குந்தியிருந்தாலும் அப்டித்தான் பாத்துகினு இருந்திருப்பேன்" என்றார். "மீன எவனாவது கண்டுபுடிச்சிடுவானோன்னு மட்டும் பயந்துகினு. அத்த நெனச்சாத்தான் ராவுல தூக்கம் வர மாட்டுது."

பிறகு நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரையின் முதல் வரியில் இடது கை விரலை வைத்தார்.

"இது இன்னா எய்த்து? படி."

அவள் படித்தாள்.